எடைமேடை லைப்ரரியின் நர்ஸம்மா

நர்ஸம்மா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். லைப்ரரிக்குள் யார் வந்தாலும் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு மேசைமேல் தள்ளி வைப்பார். "குடிங்க" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது. எந்த வீடு, என்ன வேலை, போன மாதம் எடுத்துப்போன புத்தகம் என்ன ஆயிற்று, இத்தனை நாளாக ஏன் ஆளைக் காணோம், ஒன்றும் கேட்க மாட்டார். எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் இது பெரிய அதிசயம். இங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட இறங்குவதற்குள் நம் குலதெய்வம் எது என்பது வரைக்கும் விசாரித்து முடித்துவிடுவார்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். வருகிறவர்களின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. முதலில் கைகளைப் பார்ப்பார், அப்புறம் கால்களை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பென்ஷன் கடிதங்களில் அது வரும். ஆனால் எங்கள் காலனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கோ கிராம நர்ஸாக இருந்து ரிட்டையராகி, எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தவர். தனி ஆள். கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா, யாருக்கும் தெரியாது. எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

நான் முதன்முதலில் அங்கே போனது என் மகளின் புத்தகங்களைக் கொடுப்பதற்காக. அவள் காய்ச்சலில் போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு வயது. வீட்டை ஒட்டியே எங்கள் பட்டறை. எட்டுத் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஒறம்பரைச் சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலிலிருந்து கேட்டார்கள். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, எந்த ஆஸ்பத்திரி, அன்றைக்கே கோயமுத்தூருக்கு ஏன் கொண்டுபோகவில்லை. நானும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். சொல்லிச் சொல்லி அது யார் வீட்டிலோ நடந்த கதை மாதிரி ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் அழுகை வருவது நின்றுவிட்டது. திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

புத்தகங்களில் அவள் பெயர் எழுதிய லேபிள்களை ஈரத் துணி வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் சதுரம் சதுரமாகச் சொரசொரப்பு நின்றுவிட்டது. நர்ஸம்மா பையை வாங்கி, ஒரு புத்தகத்தை எடுத்து, அந்தச் சதுரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். பிறகு தண்ணீர் டம்ளரைத் தள்ளினார்.

"நாளைக்கு வந்தீங்கன்னா ராக்கைத் தொடச்சு வெச்சுப்போடலாம் அம்மணி. முச்சூடும் தூசி" என்றார்.

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அப்படித்தான் நான் லைப்ரரிக்காரி ஆனேன். என்னை ஒரு வார்த்தை கேட்காத இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான் இருந்தது.

லைப்ரரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரி எடை போடும் எடைமேடை ஒன்று எங்கள் காலனி முனையில் இருந்தது. பைபாஸில் புதிது ஒன்று வந்த பிறகு இது பூட்டிக் கிடந்தது. பத்துக்குப் பத்து அறை, பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தரையோடு பதித்த இரும்பு மேடை. சுவரில் "வண்டியை மெதுவாக ஏற்றவும்" என்று எழுதியிருந்தது. தறிகள் எல்லாம் நின்றுபோயிருந்த அந்த கொரோனா வருடத்தில் நர்ஸம்மா, இடத்துக்குச் சொந்தக்காரரான நூல் வியாபாரியிடம் போய், "அந்த ரூமை நாங் கூட்டி வெக்கறேனுங்க" என்று சொல்லிச் சாவி வாங்கினார். கூட்டினார். ஒரு வாரம் கழித்து அதில் ஒரு சாக்குப் புத்தகம் இருந்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "செரி, கெடக்கட்டும்" என்று போய்விட்டார்.

ஜெராக்ஸ் கடை அண்ணன் அடுத்ததாகச் சேர்ந்தார். மூடிப்போன பட்டறையிலிருந்து இரும்பு ராக்குகளைக் கொண்டுவந்தது அவர்தான். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டதும் அவரும் நானும்தான். நர்ஸம்மா வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்கிற வேலைக்கு மட்டும் வர மாட்டார்.

அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஓயாத சண்டை. அண்ணன் ஒரு பாரம் அடித்துக்கொண்டு வந்தார். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், போன் நம்பர், ஆதார். நர்ஸம்மா அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து, தான் வைத்திருந்த புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் புத்தகத்தின் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். யார் எடுத்தது என்பது இருக்காது.

"ஏனுங்க, அந்த ஒடிசாப் பசங்க காண்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்கே போயிட்டானுகளாம். நாலு இந்திப் புக்கு அதோட போச்சுங்களே" என்பார் அண்ணன்.

"போச்சாதுங்க, போகட்டும்."

"இப்படியே உட்டா ராக்குதானுங்க மிஞ்சும்."

"எங்கியோ ஒருத்தன் படிப்பானுங்க" என்பார். அத்துடன் முடிந்துவிடும்.

ஒரு நாள் மழைக்கு யாரும் வராதபோது, நான் கேட்காமலே, எனக்குச் சொன்னார். "முப்பது வருசம் அதே பொழப்புங்க அம்மணி. எத்தன மாசம், எப்ப தலைக்குத் தண்ணி ஊத்துனீங்க, எத்தன பெத்தீங்க, எத்தன தங்குச்சு, எத்தன போச்சு. ஒவ்வொரு ஊட்லயும் உக்காந்து கேட்டுக் கேட்டு எழுதோணும். எம்பட சைக்கிள் மணி கேட்டா பொண்ணுக ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியா ஓடிருவாங்க. ஊசிக்குப் பயந்து ஓடலீங்க. கேள்விக்கு." அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

யாரும் எதையும் கேட்காததால் ஆட்கள் வந்தார்கள். தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற பெண்கள் சாயங்காலம் வந்தார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்த புத்தகங்களை அவர்கள் வரிசை போட்டு எடுத்துப் போனார்கள். புருசன் விட்டுப்போனவள் வந்தாள். பத்தாவது பெயிலானவன் வந்தான். குடித்துக்கொண்டிருந்த ஒருவர் தினமும் வந்து பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடைமேடையின்மேல் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கும். நான் படிக்கச் சொல்லிக்கொடுப்பேன். என் மகளின் புத்தகங்களும் அந்தக் கைகளில் சுற்றி வந்தன. பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது. கோயமுத்தூரில் ஒரு அபார்ட்மெண்டிலிருந்து ஒரு லோடு ஆட்டோ நிறையப் புத்தகம் வந்தது. வைக்க இடமில்லாமல் அண்ணன் கடையில் அடுக்கினோம். பஞ்சாயத்தில் வாசலுக்கு ஒரு விளக்கு போட்டுக்கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் அது லைப்ரரி ஸ்டாப் என்று பஸ்காரர்கள் சொல்லும் இடமாகிவிட்டது.

அப்போதுதான் ரேவதி வர ஆரம்பித்தாள். காலனிக்குப் பின்னாலிருந்த பட்டறை ஒன்றில் அவள் புருசன் தறி ஓட்டினான். வெள்ளைச் சுண்ணாம்படித்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். தினமும் நாலரைக்கு வருவாள். பிள்ளைகளின் மேப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். பக்கத்தைப் புரட்ட மாட்டாள். ஐந்தரைக்கு எழுந்து போவாள்.

ஒரு நாள் அவள் மணிக்கட்டில் நீலமாக இருந்தது. இன்னொரு நாள் காதோரம் வீங்கிக் கம்மல் போடாமல் வந்தாள். ஒரு வாரம் வலது பக்கத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தாள். நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க அவள் ஒன்றும் தூரத்தில் உட்காரவில்லை. நான் எழுந்து அவளிடம் போகப் போனேன். நர்ஸம்மா என் முந்தானையைப் பிடித்தார்.

"கேக்காதீங்க அம்மணி" என்றார் மெதுவாக. "ஊரே அவளைக் கேக்குது. இங்க ஒரு மணி நேரம் யாரும் கேக்கறதில்லீன்னுதான் வாரா. நீங்க கேட்டீங்கன்னா நாளைக்கு வரமாட்டா."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. நான் அங்கே வந்ததும் அதற்காகத்தானே.

நாலு நாள் ரேவதி வரவில்லை. ஐந்தாவது நாள் காலையில் அண்ணன் வந்து சொன்னார். புருசன் பிடித்துத் தள்ளியதில் தலை தறியின் இரும்பில் மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவனைப் போலீஸ் கூட்டிப்போயிருந்தது. நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த தாரைச் சுற்றி முடித்துத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் விசாரிப்பதற்கு ஒரு போலீஸ்காரம்மா லைப்ரரிக்கு வந்தார். அவருக்கும் நர்ஸம்மா தண்ணீர் வைத்தார்.

"அந்தப் பொண்ணு டெய்லி இங்கதான் வருமாமே. உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களாம்மா?"

"இல்லீங்க. நாங்க ஒண்ணும் கேட்டதில்லீங்க."

"உங்களுக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லுங்க."

நர்ஸம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆடி நோம்பிக்கு மறுநாள் இடது மணிக்கட்டு. விரல் அழுத்தின தடம், நாலு. ஒன்பது நாள் கழித்து வலது காது. அது கைமுட்டியால். அப்புறம் வலது பக்கம், கீழே இருந்து ரெண்டாவது விலா எலும்பில் விரிசல் இருக்கும், மூச்சு மேலாகத்தான் விட்டாள். கடைசியாக வந்த அன்று நடந்தபோது இடது காலை ஊன்றவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்து வாசிக்கிற மாதிரி சொன்னார். எங்களில் யாரும் அத்தனையும் பார்த்திருக்கவில்லை.

போலீஸ்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "இத்தனை தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலீங்களாம்மா?" என்றார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

நர்ஸம்மா மணிக்கட்டைத் திருப்பினார். வாட்ச்சைப் பார்த்தார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் முந்தானையை அவர் பிடித்ததை நான் சொல்லவில்லை. நான் பார்த்ததையும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் எப்போதும்போல லைப்ரரியைத் திறந்தார். முதலில் வந்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. நர்ஸம்மா தண்ணீர் வைத்தார். பிறகு, "கையில என்னங்க காயம்?" என்று கேட்டார்.

அக்கா திடுக்கிட்டுப் போனார். "தோசைக்கல்லு பட்டுருச்சுங்க."

"தோசைக்கல்லு இப்படிப் படாதுங்களே. ஊட்ல யாராச்சும் சூடு வெச்சாங்களா?"

அப்படித் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோரையும் கேட்டார். ஏன் கண் வீங்கியிருக்கிறது, ராத்திரி தூங்கினீர்களா, புருசன் குடிக்கிறாரா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறார், மாமியார் சோறு போடுகிறாரா. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வடக்கத்திப் பையன்களைக் கேட்டார். பிள்ளைகளைக் கேட்டார். புதிதாக ஒரு நீள நோட்டு வாங்கியிருந்தார். கேட்டதை எல்லாம் அதில் பெயரோடு எழுதினார். பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மறுபடி கேட்பார். ஒருத்தி, "எங்க ஊட்ல அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, எடுத்த புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். பேப்பர் படிக்கிறவர் வருவதை நிறுத்தினார். தார் சுற்றுகிற பெண்கள் லைப்ரரி பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எடைமேடை வெறுமையாகக் கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை என் முறை வந்தது. நான் ராக்கு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பாப்பா பேரு என்னங்க அம்மணி?"

நான் திரும்பினேன். அவர் கையில் பேனா இருந்தது. நோட்டு திறந்திருந்தது.

"என்ன வயசுங்க? எத்தன நாள் காய்ச்சல்? தட்டணு குறைஞ்சதா, ஃபிட்ஸ் வந்ததா?"

அவர் குரலில் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கேட்ட குரல். அவர் கண் என் கைகளின்மேல் இருந்தது. நான் துணியை ராக்கின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு நடந்து வந்து தறிப்பட்டறைக்குள் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோபம் வந்ததா என்றால், வந்திருக்க வேண்டும். அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். "இப்பிடியே போனா பூட்ட வேண்டியதுதானுங்க. யாராச்சும் நர்ஸம்மாகிட்டச் சொல்லோணும். எனக்கு நாக்கு வராதுங்க" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அண்ணனுக்கு ஆச்சரியம். எனக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நினைக்கும்போது அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். நர்ஸம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, கொஞ்ச நாளைக்கு நீங்க லைப்ரரிக்கு வரவேண்டாமுங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவர் கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனார். சாவியும் இரண்டு நோட்டுகளும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "செரிங்க அம்மணி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. யார் யார் சேர்ந்து முடிவு பண்ணினீர்கள் என்று கேட்கவில்லை. நான் படியிறங்கும்போது, "அந்த நீள நோட்டை எரிச்சுப்போடுங்க. ஊட்டு விசியமெல்லாம் இருக்குது" என்றார். எரித்துவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருந்தார் என்று தெரியாது.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு வெள்ளகோவிலில் தம்பி வீட்டோடு போய்விட்டார். சாமான் ஏற்றிய வேனை அனுப்பி வைக்க நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிட்டார். எனக்கும்.

மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். லைப்ரரி இன்றைக்கு நன்றாக நடக்கிறது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் மாடியில் பெரிய இடம் கிடைத்திருக்கிறது. ஃபேன், கம்ப்யூட்டர், உறுப்பினர் அட்டை எல்லாம் உண்டு. அண்ணனின் பாரத்தில்தான் பெயர் பதிகிறோம். பெண்கள் உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். மாதம் ஒரு வக்கீலம்மா வந்து உட்காருகிறார். இரண்டு பெண்கள் அவரிடம் பேசி வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். யாராவது பாராட்டினால் சரி என்பேன்.

இரண்டரை வருடம் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றில்லை. போன மாதம் அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. நர்ஸம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர் போனிலிருந்த எண்களுக்கெல்லாம் தம்பி வீட்டார் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் முறை வரும்போது காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனுக்குக் கடையில் வேலை. நான் மட்டும் திருப்பூர் போய், காங்கேயம் போய், வெள்ளகோவில் பஸ் ஏறினேன்.

தம்பியின் சம்சாரம் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "அண்ணிகூட ஆஸ்பத்திரில வேலை பாத்தீங்களாங்க?"

"இல்லீங்க. லைப்ரரில."

"என்ன லைப்ரரிங்க?"

எங்கள் ஊரில் அவர் ஆரம்பித்தது என்று சொன்னேன். அந்த அம்மா உள்பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்கக்கா லைப்ரரி வெச்சிருந்தாங்களாமா" என்றார். தம்பி துண்டை உதறிக்கொண்டு வந்தார். "எங்கக்காவா? ரிட்டையராகி சும்மா இருந்துச்சுன்னு இருந்தோம். ஒரு நாளும் வாயத் தொறந்து சொல்லலீங்களே. நாங்களும் கேக்கலீங்க" என்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"நல்லா நடத்துனாங்க" என்றேன்.

தம்பி தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அம்மா காபி கொண்டுவந்தார். எதிரில் உட்கார்ந்து, அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளிடம் பேச வேண்டுமே என்று, "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுங்க. பொண்ணு."

"பேரு என்னங்க?"

சொன்னேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"நல்ல பேருங்க. என்ன படிக்கறா?"

"ரெண்டாவதுங்க" என்றேன்.

அவர் சிரித்து, "வரும்போது கூட்டிட்டு வந்திருக்கலாமல்லங்க" என்று சொல்லிவிட்டு, பழம் எடுத்துவர உள்ளே போனார்.